மலையை அளந்த சிறுவர்களும் ஆற்காட்டுக் கைவினைஞரும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் நார்த்தாமலை இருக்கிறது. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, உவச்சன்மலை எனப் பல குன்றுகள் சூழ்ந்த சிற்றூர். சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நமது மக்தபில் ஓதுகின்ற பிள்ளைகள் சிலர் தம் பள்ளிக்கூடத்துச் சாரணர் அணியுடன் அங்கே ஒருநாள் முகாமுக்குச் சென்றனர். பிள்ளைகள் லுஹரையும் அஸரையும் நேரத்தில் தொழ வேண்டுமே என்ற கவலையில் பெற்றோர் கேட்டுக்கொண்டதால், நாமும் துணைக்குச் சென்றிருந்தோம்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு பிள்ளையின் அத்தா நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், பையன் இன்னும் அம்ம ஜுஸ்வு முடிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் பரீட்சை வருகிறது. இந்த நேரத்தில் மலையை அளந்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்டார். தவறான கேள்வியல்ல. பத்தாண்டுகளுக்கு முன்பு நம்மிடம் கேட்டிருந்தால் நாமும் அவர் பக்கமே நின்றிருப்போம். அன்று அவருக்கு நம்மால் சரியான பதிலைச் சொல்ல முடியவில்லை. "அனுப்பி வையுங்கள், நாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டுமே சொன்னோம். இக்கட்டுரை அவருக்கு நாம் சொல்ல வேண்டியிருந்த பதிலாகும்.

மலையடிவாரத்தில் சாரண ஆசிரியர் பிள்ளைகளை மூன்று அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஆளுயரக் கோல் ஒன்று, அளவுநாடா ஒன்று, கணிதப் பெட்டியிலுள்ள கோணமானி ஒன்று, ஒரு முழம் நூல், நூலின் நுனியில் கட்ட ஓர் இரும்பு நட்டு, மை தீர்ந்த பேனாக் குழல் ஒன்று. இவ்வளவுதான் கருவிகள்.

முதலில் ஒரு பனைமரத்தின் உயரத்தைக் காணச் சொன்னார். கோலை நட்டு அதன் நிழலை அளந்தனர். பிறகு மரத்தின் நிழலை அளந்தனர். கோலுக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதமே மரத்துக்கும் அதன் நிழலுக்கும் உண்டு. இந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று என்பதை அங்கே அவர்களுக்கு நினைவூட்டினோம். அஸர் நேரம் எப்போது நுழைகிறது என்று மக்தபில் படிக்கிறார்கள் அல்லவா? நண்பகலில் இருக்கும் நிழலை நீக்கிவிட்டு, ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் அளவை எட்டும்போது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கு. இரு மடங்கை எட்டும்போது என்பது ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கணக்கு. இதை எத்தனையோ ஆண்டுகளாக மனனம் செய்யவைத்து ஒப்புவிக்கக் கேட்டிருக்கிறோம். ஆனால், ஒரு கோலை நட்டு நிழலைப் பார்க்கும்படி ஒரு பிள்ளையிடமும் ஒருநாளும் நாம் சொன்னதில்லை. அன்று அஸருக்கு அவர்களே கோல் நட்டு நேரம் பார்த்தார்கள். கைப்பேசியில் பாங்கு ஒலிக்கும் முன்பே ஒரு பிள்ளை, "வக்து ஆகிவிட்டது ஹஜ்ரத்" என்று ஓடிவந்தான்.

அடுத்தது மலை. நிழலைக்கொண்டு மலையை அளக்க முடியாது என்பதைப் பிள்ளைகளே கண்டுகொண்டனர். மரத்தின் நிழலை அடிமரத்திலிருந்து அளக்கலாம். மலையுச்சிக்கு நேர் கீழே உள்ள இடமோ பாறைக்குள் புதைந்திருக்கிறது. அங்கே நாடாவைப் பிடிப்பவர் யார்? ஆகவே கோணமானியை எடுத்தனர். அதன் நேர்விளிம்பில் பேனாக் குழலை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, குழல் வழியே உச்சியைப் பார்த்தார்கள். நூல் 90ஐ விட்டு எத்தனை பாகை விலகி நிற்கிறதோ அதுவே ஏற்றக்கோணம். ஓரிடத்தில் நின்று ஒருமுறை. அதே நேர்கோட்டில் 100 மீட்டர் பின்னே சென்று மறுமுறை. சான்றாக, முதல் இடத்தில் 30 பாகையும் பின்னே உள்ள இடத்தில் 20 பாகையும் கிடைத்தால், தாளில் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மீட்டர் என்று வைத்து அவ்விரு கோணங்களையும் வரைந்தால் போதும். கோடுகள் சந்திக்கும் இடம் 98 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள ஓர் உயரத்தைக் காட்டும். முக்கோணவியல் படிக்காத ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்யலாம்.

மூன்று அணிகளுக்கும் மூன்று விடைகள் வந்தன. ஓர் அணி, குழலைப் பிடித்தவனின் கண் உயரத்தைக் கூட்ட மறந்திருந்தது. இன்னோர் அணியில் காற்றில் ஆடிய நூலை நிற்கவிடாமல் அளவு குறித்திருந்தார்கள். ஒருவரையும் ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. மூன்று முறை அளந்து சராசரி காணச் சொன்னார். தவறு எங்கே நுழைந்தது என்று பிள்ளைகள் தமக்குள் விவாதித்த அந்த அரைமணி நேரத்தை நாம் வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். அன்று அந்தப் பிள்ளைகள் கையில் இருந்த நூல் கட்டிய கோணமானிக்கு ஆயிரம் ஆண்டு வயது என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்?

கி.பி. 973இல் குவாரஸ்மில் பிறந்த அபூ ரைஹான் அல்பீரூனி, 1018ஆம் ஆண்டு காபூலுக்கு அருகே தங்கியிருந்தார். சூரியனின் உயரத்தை அளக்க விரும்பினார். கையில் கருவி ஏதும் இல்லை. கணக்குப் போடும் பலகையைத் திருப்பி அதன் பின்புறத்தில் ஒரு வட்டவில்லை வரைந்தார். அதைப் பாகைகளாகப் பிரித்தார். தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட்டு அளந்தார். உலகம் போற்றும் அந்தப் பேரறிஞர் கருவி இல்லையே என்று கைகட்டி அமர்ந்திருக்கவில்லை. இருந்த பலகையையே கருவியாக்கிக்கொண்டார்.

பின்னர் இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனாக் கோட்டைக்கு அவர் வந்தார். அங்கே பரந்த சமவெளியை நோக்கி ஒரு மலை நிற்கிறது. சமவெளியில் இரண்டு இடங்களில் நின்று கோணம் பார்த்து அம்மலையின் உயரத்தைக் கண்டார். நம் பிள்ளைகள் நார்த்தாமலையில் செய்தது அதே முறைதான். பிறகு அவர் மலைமேல் ஏறி, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். ஒரு பாகையில் சற்றே பாதிக்கு மேற்பட்ட மிகச் சிறிய கோணம் அது. அதைக் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அவர் பயன்படுத்திய முழத்துக்கு இன்றைய அளவில் எந்த நீளத்தைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை சிறிது மாறும்; ஆயினும் இன்று நாம் அறிந்த 6371 கிலோமீட்டருக்கு அது நெருங்கியே நிற்கிறது. அவருக்கு முன் கலீஃபா மாமூன் காலத்து அறிஞர்கள் சின்ஜார்ச் சமவெளியில் நடந்து நடந்து நிலத்தை அளந்து பூமியின் சுற்றளவைத் தேடினர். பாலைவனத்தில் அலையாமலேயே அதை அறிய ஒரு மலையும் ஒரு கோணமும் போதும் என்று காட்டினார் அல்பீரூனி.

"அவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள், நம் மண்ணில் அப்படி யார் இருந்தார்கள்?" என்று கேட்கலாம். அதற்கும் விடை உண்டு.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று, சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவைக்கு அதுவே தொடக்கம். கோணங்களை அளக்க அவரிடம் லண்டனில் செய்யப்பட்ட தியோடலைட் ஒன்று இருந்தது. அரை டன் எடையுள்ளது. காவிரிப் படுகைக்கு வந்தபோது அங்கே மலைகள் இல்லை. எங்கும் தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. எனவே உயர்ந்த கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றி அளந்தார்கள்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மீது அக்கருவியை இழுத்து ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பித்தளை வட்டம் நெளிந்துவிட்டது. இனி அவ்வளவுதான் என்றே எவரும் எண்ணியிருப்பர். லாம்ப்டனோ கூடாரத்துக்குள் அமர்ந்து, ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு ஆறு வாரகாலம் உழைத்து, நெளிந்த வட்டத்தை ஏறத்தாழப் பழைய உருவுக்கே கொண்டுவந்தார். அதன் பிறகும் அந்தக் கருவி நெடுங்காலம் வேலை செய்தது. சாரணர் முகாமில் பிள்ளைகளுக்கு முடிச்சுகள் கற்பிப்பதை வீண் விளையாட்டு என்று எண்ணுவோர், பெரியதொரு நாட்டின் அளவை வேலையே ஒரு கயிற்றில் தொங்கியதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்கருவி போன்றவற்றைப் பழுதுபார்க்கவும் புதிதாகச் செய்யவும் இந்தியாவிலேயே ஆள் வேண்டியிருந்தது. அப்போது வெளிப்பட்டவர்தான் சையத் மீர் முஹ்ஸின் ஹுசைன். ஆற்காட்டைச் சேர்ந்தவர், சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்து வந்தார். நுண்ணிய வேலையில் அவர் கைகளுக்கு இருந்த தேர்ச்சியை, 1820களில் இந்திய நில அளவைத் தலைவராக இருந்த வாலண்டைன் பிளாக்கர் கண்டுகொண்டார். முஹ்ஸின் கல்கத்தாவுக்குச் சென்றார். நகைக்குக் கல் பதிக்கும் நுட்பம் கோணக்கருவிகளின் நுட்பமாக மாறிற்று. பின்னர் நில அளவைத் தலைவரான ஜார்ஜ் எவரெஸ்ட், இங்கிலாந்திலிருந்து ஹென்றி பாரோ என்ற கருவி வல்லுநரை அழைத்து வந்திருந்தார். பாரோ விலகிய பிறகு அந்தப் பொறுப்புக்கு எவரெஸ்ட் தேர்ந்தெடுத்தவர் முஹ்ஸின். அரசாங்கத்தின் கணிதக் கருவிகள் செய்பவர் என்ற பதவி, ஆற்காட்டிலிருந்து போன ஒரு முஸ்லிம் கைவினைஞரிடம் வந்தது.

எவரெஸ்ட்டின் பெயர் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. அதே நில அளவைத் துறையில் இருந்து அச்சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட வங்காளத்து ராதாநாத் சிக்தரின் பெயரையும் படித்தவர்கள் அறிவர். முஹ்ஸினின் பெயரை அவர் பிறந்த தமிழ்நாட்டிலேயே எத்தனை முஸ்லிம் வீடுகள் அறியும்? நம் மக்தப்களில் எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்? நாமே நாற்பது வயதைக் கடந்த பின்புதான் அறிந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஏன் மறந்தோம்? கையால் செய்யும் வேலையை இல்மின் வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டதால்தான் என்பது நமது கருத்து. நூலைப் படிப்பவன் மேல், கருவியைத் தொடுபவன் கீழ் என்றொரு எண்ணம் நமக்குள் எப்படியோ குடியேறிவிட்டது. அது மார்க்கம் தந்த எண்ணம் அன்று. நபி நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் கண்காணிப்பில் தம் கையால் கப்பல் கட்டினார்கள். நபி தாவூத் (அலை) அவர்களுக்குப் போர்க்கவசம் செய்யும் தொழிலைத் தானே கற்றுக்கொடுத்ததாக அல்லாஹ் திருமறையின் 21ஆம் அத்தியாயத்தில் கூறுகிறான். நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சர். தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவு இல்லை என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி புகாரியில் இருக்கிறது. அகழ்ப்போரில் ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி அகழ் வெட்டியபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்கச் சொல்லும் 88ஆம் அத்தியாயம் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் மலையை நோக்க அவர்களை அழைத்துச் சென்றோமா?

இங்கே ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஓதிக்கொடுத்த ஒரு மதரஸாவில், சுவர்க் கடிகாரம் ஒன்று நின்றுவிட்டது. பத்து வயதுப் பையன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் அதைக் கழற்றிப் பார்த்தான். பல்சக்கரங்களைப் பாயில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தபோது நாம் உள்ளே நுழைந்தோம். மதரஸாவின் பொருளைப் பாழாக்கினான் என்று எல்லோர் முன்னிலையிலும் கடுமையாகக் கண்டித்தோம். மூன்று நாள் வாசலில் நிற்கவைத்தோம். நான்காம் நாள் அவன் வரவில்லை. பிறகும் வரவில்லை. அவன் ஓதலும் அங்கேயே நின்றது.

இப்போது அவர் வளைகுடா நாடொன்றில் குளிர்சாதன இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்தபோது, பள்ளிவாசலின் தண்ணீர் மோட்டார் பழுதாகி ஒளூ செய்ய நீர் இல்லாமல் இருந்தது. யாரும் கேளாமலே வந்து சரிசெய்துவிட்டுப் போனார். கூலி வாங்கவில்லை, தொழவும் தங்கவில்லை. நமக்கு ஸலாம் சொன்னார். நாம் பதில் சொன்னோம். அதற்கு மேல் பேச நமக்கு நா எழவில்லை. அந்தச் சக்கரங்களை வரிசையாக அவர் வைத்திருந்தது, திரும்பப் பூட்டுவதற்காகத்தான் என்பது அன்று நமக்குத் தோன்றாமல் போயிற்று. ஒரு முஹ்ஸின் நம் வகுப்பில் அமர்ந்திருந்திருக்கலாம். தீனும் தொழிலும் சேர்ந்தே வளர்ந்திருக்க வேண்டிய ஓர் உள்ளத்தில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டோம்.

சாரணியம் ஐரோப்பியருடையது, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களுடன் பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்து அது தொடங்கியது உண்மை. ஆனால் கடவுளுக்குரிய கடமையை அவரவர் சமயப்படி ஆற்றுவது அதன் உறுதிமொழியில் முதலிடம் பெறுகிறது. அல்ஜீரியாவில் முஹம்மது பூராஸ் என்பவர் முஸ்லிம் சாரணர் இயக்கத்தைக் கட்டியெழுப்பினார். 1941 மே மாதத்தில் பிரெஞ்சு ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. நம் நாட்டில் தனித்தனியே இயங்கிய சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றிணைந்து பாரத சாரண இயக்கமாயின. அதன் 75ஆம் ஆண்டு வைரவிழாப் பெருந்திரளணி 2025 ஜனவரி இறுதியில், நார்த்தாமலைக்கு வெகுதொலைவில் இல்லாத மணப்பாறையில்தான் நடைபெற்றது. முடிச்சு, கம்புகளால் பாலம் கட்டுதல், திசைகாட்டி, வரைபடம், உயரமும் அகலமும் மதிப்பிடுதல், முதலுதவி என அதன் பாடங்கள் எல்லாமே கையால் கற்பவை.

முகாமின் முடிவில் பிள்ளைகளை மேலமலைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட விஜயாலய சோழீச்சுரம் இருக்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டமான கருவறை என்று அமைந்த அரிய கட்டடம். அதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்றும், மழையில் அது சிதைந்தபோது மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் கல்வெட்டு கூறுகிறது. வழிபாட்டால் நமக்கு வேறான இடம்தான். எனினும் ஒரு செய்தி நம்மைத் தொட்டது. கட்டியவர் பெயரைப் போலவே, பழுதுபார்த்தவர் பெயரையும் அந்தக் காலத்து மக்கள் கல்லில் பொறித்து வைத்தார்கள். நாமோ பழுதுபார்க்கப் பிறந்தவனை வாசலில் நிற்கவைத்தோம்.

அன்பிற்குரிய பெற்றோர்களே, இதற்குப் பெரும் பணமோ ஆய்வுக்கூடமோ தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை, மே மாதம் 28ஆம் தேதியை ஒட்டி இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16ஆம் தேதியை ஒட்டி 2.57க்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நிமிடத்தில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கோலை நேராக நிறுத்துங்கள். நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கி ஒரு கோடு வரையுங்கள். அந்தக் கோடு செல்லும் திசையே கிப்லா. நம் புதுக்கோட்டைப் பகுதியில் அது நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்கே சாய்ந்திருப்பதைப் பிள்ளையே கோணமானி வைத்து அளக்கட்டும். தான் அளந்து கண்ட திசையில் நின்று தொழும் பிள்ளையின் தக்பீரில் ஓர் உறுதி இருக்கும்.

முகாம் முடிந்து திரும்பிய மறுநாள், அந்த அத்தா மீண்டும் வந்தார். பையன் இரவெல்லாம் வீட்டுக் கோணமானியில் நூல் கட்டி, பள்ளிவாசல் மினாராவின் உயரத்தை அளக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். "ஓதலில் கவனம் குறைந்துவிடாதே ஹஜ்ரத்?" என்றார். குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு என்றோம். இப்போது வாரம் ஒருநாள், சபக் ஒப்புவித்தவர்களுக்கு அஸர் வரை மதரஸா முற்றத்தில் அளவை வேலை நடக்கிறது. நின்றுபோன பழைய கடிகாரம் ஒன்றும் அலமாரியில் வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் கழற்றலாம். திரும்பப் பூட்டிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைச் செயலாக்கும் கைகளையும் தந்தருள்வானாக. நாம் வாசலில் நிற்கவைத்த அந்தச் சகோதரரின் உள்ளத்தை மீண்டும் தன் இல்லத்தின்பால் திருப்புவானாக. நம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.